தெரியாது என்று சொன்ன சர்தார்ஜி
(பினாங்கில் ஒரு வாசகர் கூட்டத்தில் பேசியது, பேச்சின் போக்கை மாற்றாமல் எழுதியது)

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் அறிமுகப்படுத்தும்போது, "ஐயா இன்று ஒரு வங்காளி எழுத்தாளரைப் பற்றிப் பேசுவார்" என்றார். பின்வரிசையில் யாரோ சிரித்தீர்கள். தலைப்பாகை கட்டிய பஞ்சாபியை நாம் மூன்று தலைமுறையாக வங்காளி என்றே கூப்பிடுகிறோம். அந்தக் காலத்தில் கல்கத்தாவில் கப்பல் ஏறி வந்தார்கள். மலாய்க்காரர்கள் 'பெங்காலி' என்றார்கள், நாம் அதை வங்காளி ஆக்கிக்கொண்டோம். குஷ்வந்த் சிங்குக்கும் வங்காளத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவர் பஞ்சாபி, சீக்கியர், டில்லிவாசி. வாரா வாரம் பத்திரிகையில் பத்தி எழுதியே ஊர் உலகத்தின் வாயில் விழுந்தவர்.

அவர் மதத்தை எப்படிப் பார்த்தார் என்று பேசச் சொன்னார்கள். ஒரே வரியில் முடித்துவிடலாம். கடவுள் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது என்றார், வயதான பிறகு இல்லை என்றே சொல்லிவிட்டார். முடிந்தது, டீ குடிக்கப் போகலாம். ஆனால் அந்த மனிதர் 99 வயது வரை முடி வெட்டவில்லை, தாடி மழிக்கவில்லை, தலைப்பாகையை விடவில்லை. இல்லாத கடவுளுக்காக எதற்கு இவ்வளவு முடி? அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் வேறொரு தலைமுடியைப் பற்றிச் சொல்கிறேன். என் அப்பாவுக்குத் துறைமுகத்துக் கிடங்கில் வேலை. வாசலில் ஒரு ஜாகா இருந்தார், வயதான சிங். ராத்திரி முழுக்கக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து காவல், பகலில் தூக்கம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனால், சிங் தலைக்குக் குளித்துவிட்டு வெயிலில் உட்கார்ந்திருப்பார். இடுப்பு வரை தொங்கும் நரைமுடி. சின்ன மரச்சீப்பால் வாரிக்கொண்டே இருப்பார். வாரி, முறுக்கி, உச்சியில் கொண்டை போட்டு, ஐந்து கஜத் துணியின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்ற ஆரம்பிப்பார். அதற்கப்புறம் துணியில் பொதிந்த ஒரு சிறு புத்தகத்தை எடுப்பார். பாராயணத்துக்கான அந்தக் கைப்புத்தகத்துக்குக் 'குட்கா' என்று பெயர். நீங்கள் நினைக்கிற குட்கா இல்லை. அதைப் பிரித்து வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே வாசிப்பார். நான் பார்க்கிற கோணத்தில் புத்தகம் எப்போதும் ஒரே பக்கத்தில் திறந்திருக்கும். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, எல்லாம் மனப்பாடம் என்று அப்பா பின்னால் ஒரு நாள் சொன்னார்.

சரி, குஷ்வந்த் சிங்குக்கு வருகிறேன். எழுபதுகளில் சௌரஸ்தா மார்க்கெட் மாடியில் பழைய புத்தகக் கடைகள்தான் எனக்குக் கல்லூரி. மெட்ராஸிலிருந்து 'சிதம்பரம்' கப்பல் வந்துபோகும் காலம். வந்தவர்கள் படித்துப்போட்ட இந்தியப் பத்திரிகைகள் எப்படியோ அங்கே வந்து சேரும். 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி' அப்படித்தான் கிடைத்தது. பெரிய சைஸ், எண்ணெய்க் கறை, அட்டை பாதி கிழிந்திருக்கும். உள்ளே ஒரு பக்கத்தில் மின்சார பல்பு படம், பல்புக்குள் ஒரு சர்தார்ஜி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார், பக்கத்தில் புத்தகக் குவியல், ஒரு விஸ்கி பாட்டில். கோவாக்காரர் மாரியோ மிராண்டா வரைந்தது. எனக்குச் சிங் என்றால் அதுவரை கிடங்கு வாசல் சிங்தான். பாட்டிலும் பேனாவுமாக ஒரு சிங்கை அன்றுதான் பார்த்தேன்.

1969 முதல் 1978 வரை அவர் அந்த வீக்லிக்கு ஆசிரியர். விற்பனையை 65,000-லிருந்து 4 லட்சத்துக்குக் கொண்டுபோனார். ஓய்வு பெற ஒரு வாரம் இருக்கும்போது நிர்வாகம் வெளியே அனுப்பியது. 1980-லிருந்து மூன்று வருடம் 'இந்துஸ்தான் டைம்ஸ்' ஆசிரியர், அதே காலத்தில் நியமன உறுப்பினராக ராஜ்ய சபா. அந்தப் பத்திரிகையில் அவர் எழுதிய வாரப் பத்திதான் கடைசி வரை அவருக்கு அடையாளம். 'வித் மாலிஸ் டுவர்ட்ஸ் ஒன் அண்ட் ஆல்' என்று தலைப்பு. எவர்மீதும் பகையின்றி என்று ஆபிரகாம் லிங்கன் 1865-ல் சொன்னதை இவர் கவிழ்த்துப் போட்டு, ஒருவர் விடாமல் எல்லார்மீதும் பகையோடு என்று ஆக்கிக்கொண்டார். பத்தியின் கடைசியில் வாசகர் அனுப்பிய ஒரு ஜோக் இருக்கும். பாதி ஜோக்குகள் சுமார்தான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பிறந்தது ஹதாலி, இப்போது பாகிஸ்தானில் இருக்கும் பாலைவனத்தோரக் கிராமம். பிறந்த நாளே அவருக்குச் சரியாகத் தெரியாது. பள்ளியில் சேர்க்கும்போது அப்பா 1915 பிப்ரவரி 2 என்று எழுதிப்போட்டார். ஆகஸ்டில் பிறந்த பிள்ளை என்று பாட்டி சாதித்தார். பேரன் பாட்டி பக்கம் சாய்ந்து ஆகஸ்ட் 15 என்று வைத்துக்கொண்டார். நம் தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கும் இப்படி இரண்டு பிறந்த நாள் உண்டே, அடையாளக் கார்டில் ஒன்று, அம்மா சொன்னது ஒன்று.

அப்பா சோபா சிங் புதுடில்லியைக் கட்டிய ஒப்பந்தக்காரர்களில் பெரும்புள்ளி. பெற்றோர் டில்லிக்குப் போய்விட, பையன் கிராமத்தில் பாட்டியோடு இருந்தான். கையில் ஜெபமாலை, உதட்டில் எப்போதும் பிரார்த்தனை, அப்படி ஒரு பாட்டி. அவனை எழுப்பிக் குளிப்பாட்டும்போது காலைப் பிரார்த்தனையை ராகத்தோடு சொல்லிக்கொண்டே இருப்பாராம், கேட்டுக் கேட்டே அவனுக்கு மனப்பாடமாகட்டும் என்று. பாட்டியின் குரல் பிடித்ததால் கேட்டேன், ஆனால் கற்றுக்கொள்ளச் சிரமப்படவில்லை என்று பிற்காலத்தில் எழுதினார். எனக்கு என்னவோ அவருடைய மத நோக்கு முழுதும் இந்த ஒரு காட்சியிலேயே இருப்பதாகத் தோன்றுகிறது. அர்த்தம் வேண்டாம், குரல் வேண்டும்.

லாகூரில் வக்கீலாக இருந்தபோது மன்சூர் காதிர் என்று ஒரு நண்பர், அவரும் வக்கீல். பின்னாளில் பாகிஸ்தானின் வெளியுறவு அமைச்சரானவர். பொய்யே பேசாதவர், ஆனால் கடவுள் நம்பிக்கை கிடையாது. நல்லவனாக வாழ மதம் தேவையில்லை என்பதற்குக் குஷ்வந்த் சிங் வாழ்நாள் முழுக்கக் காட்டிய சாட்சி இவர்தான். ஒரு தத்துவவாதியைக் காட்டவில்லை, பக்கத்து வீட்டு மனிதரைக் காட்டினார். 1947-ல் லாகூரை விட்டுக் கிளம்ப நேர்ந்தபோது வீட்டைப் பார்த்துக்கொண்டதும் இந்த முஸ்லிம் நண்பரே.

அதே 1947-ல் மலையிலிருந்து டில்லிக்குக் காரில் வருகிறார். சாலை வெறிச்சென்று கிடக்கிறது. எதிரே ஒரு ஜீப், ஆயுதங்களோடு சீக்கியர்கள். நிறுத்திப் பேசுகிறார்கள். ஒரு முஸ்லிம் கிராமத்தையே தீர்த்துக்கட்டிவிட்டு வருவதாகப் பெருமையோடு சொல்கிறார்கள். தன்னவன் என்று நம்பித்தானே சொன்னார்கள்? அந்த நம்பிக்கையைக் கொடுத்தது இவர் தலையிலிருந்த தலைப்பாகை. பிரிவினைக் கலவரத்தை வைத்து 1956-ல் அவர் எழுதிய நாவலுக்கு விதை அங்கே விழுந்தது.

நானாக இருந்தால் அன்றைக்கே நாவிதரிடம் போயிருப்பேன். அவர் போகவில்லை. அதற்குப் பதிலாக உட்கார்ந்து சீக்கியர் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்தார். இரண்டு பாகமாக எழுதினார், முதல் பாகம் 1963-ல் வந்தது. அந்த வரலாற்றை ஆங்கிலத்தில் தேடுகிறவர்கள் இன்றும் முதலில் எடுப்பது அதைத்தான். சீக்கியரின் காலைப் பிரார்த்தனையான ஜப்ஜியை மொழிபெயர்த்தார், குரு நானக்கின் பாடல்களை மொழிபெயர்த்தார். குரு நானக்கின் 'பாரா மாஹா' என்று ஒன்று உண்டு, பன்னிரண்டு மாதங்களுக்கும் பாட்டு. சித்திரையில் வண்டு ரீங்கரிக்கும், ஆடி வெயில் தரையைச் சுடும், மழை மாதத்தில் தலைவன் இல்லாத படுக்கையில் தலைவி தவிப்பாள். ஆண்டாளின் மார்கழியைக் காதில் வைத்திருக்கிற நமக்கு இந்த ஏக்கம் புதிதல்ல. குஷ்வந்த் சிங்குக்கு இந்தப் பாட்டில் கொள்ளை ஆசை. டில்லியில் மழை வந்தால் பத்தியில் பறவை வரும், மரம் வரும், அதோடு குரு நானக்கின் வரியும் வரும். பாடலில் அழைக்கப்படுகிறவர் மீது நம்பிக்கை இல்லை. அழைப்பின் மீது அவ்வளவு காதல்.

இதற்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது? ஆத்திகர் என்கிறோம், நாத்திகர் என்கிறோம். 'எனக்குத் தெரியாதப்பா' என்று நடுவில் நிற்பவருக்கு அகராதியில் ஏதோ சொல் போட்டிருக்கிறார்கள், ஐயவாதி என்பார்கள். ஆனால் காப்பிக்கடையில் அப்படி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம் ஊரில் ஒன்று திருநீறு பூசணும், இல்லை கறுப்புச் சட்டை போடணும். 1929 டிசம்பரில் பெரியார் இந்தப் பினாங்குத் துறைமுகத்தில்தான் வந்து இறங்கினார். அந்த அலையில் எழுந்தவர் கோ. சாரங்கபாணி. 1935-ல் சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' தொடங்கினார். காவடி எடுப்பதையும் தீமிதிப்பதையும் நம் சீர்திருத்தக்காரர்கள் அன்று எவ்வளவு காரமாக எழுதினார்கள் தெரியுமா! ஆனால் சாரங்கபாணிக்கும் ஒரு கட்டத்தில் ஒரு கேள்வி வந்தது. மதத்தை எடுத்துவிட்டால் இந்த மக்களை எது சேர்த்துக் கட்டும்? மொழி என்று பதில் கண்டார். 1952-ல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் எல்லாரும் ஒரே மேடைக்கு வந்தார்கள்.

குஷ்வந்த் சிங்குக்கும் அதே கேள்விதான், பதில் வேறு. மொழி போதாது என்று நினைத்தார், ஏனென்றால் பஞ்சாபி பேசுகிற இந்துவும் உண்டு, முஸ்லிமும் உண்டு. 1699-ல் குரு கோவிந்த் சிங் கால்சா என்ற சீக்கியர் அமைப்பை உண்டாக்கி, அதில் சேர்ந்தவர்கள் சுமக்க வேண்டிய அடையாளங்களை வைத்தார். அதில் முதலாவது வெட்டாத முடி. அது போனால், சீக்கியர் இந்து சமூகத்துக்குள் கரைந்துவிடுவார்கள் என்று கவலைப்பட்டு எழுதினார். ஆக, அவர் தலையிலிருந்த முடி கடவுளுக்காக வளர்த்ததல்ல. எங்கள் ஜனம் கரைந்துபோகக் கூடாது என்று வளர்த்த முடி. கடவுள், நூல், மக்கள் என்று மூன்றையும் நாம் ஒரே கயிற்றில் கட்டி வைத்திருக்கிறோம். ஒன்றை அவிழ்த்தால் மூன்றும் போய்விடும் என்று பக்தரும் நினைக்கிறார், பகுத்தறிவாளரும் நினைக்கிறார். இவர் முதலாவதை மட்டும் அவிழ்த்தார்.

அவிழ்த்ததற்கு அவர் சொன்ன காரணங்கள் பெரிய விஷயம் இல்லை என்பது என் அபிப்பிராயம். நல்ல குழந்தைகள் ஏன் சாகின்றன, கெட்டவன் ஏன் செழிக்கிறான் என்று யாரும் கேட்கிற கேள்விகள். ஜோசியர்களையும் சாமியார்களையும் வாங்கு வாங்கென்று வாங்கினார், படிக்கச் சுவாரஸ்யமாக இருக்கும், அவ்வளவுதான். உழைப்பு வழிபாடாகும், வழிபாடு உழைப்பாகாது என்பார். அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து எழுத உட்கார்ந்துவிடுவார் என்பதால் அந்தப் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது. அவர் வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்கியது, வரச்சொல்லியிருந்தால் தவிர மணி அடிக்காதீர்கள் என்று. ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பாடு, அப்புறம் பிரதம மந்திரியே வந்தாலும் எழுந்து போகச் சொல்லும் சுபாவம். பாட்டிக்குப் பிரார்த்தனை எப்படி நேரம் தவறாதோ, பேரனுக்கு வேலை அப்படி.

நம்பிக்கை இல்லாமல் மக்களை மட்டும் வைத்துக்கொண்டதற்கு விலை 1984-ல் வந்தது. ஆயுதம் ஏந்திய சீக்கியத் தீவிரவாதிகளின் தலைவர் பிந்தரன்வாலேயை அவர் முதலிலிருந்தே எதிர்த்தார். பத்தியில் பெயர் சொல்லித் தாக்கினார், அதனால் கொலை மிரட்டல், வாசலில் போலீஸ் காவல். அந்த வருடம் ஜூனில் ராணுவம் பொற்கோவிலுக்குள் நுழைந்தது. 1974-ல் வாங்கிய பத்மபூஷணைத் திருப்பிக் கொடுத்தார். கவனியுங்கள், கோவிலுக்குள் இருந்தவர் இவருடைய எதிரி, கோவிலில் இருப்பதாகச் சொல்லப்படும் கடவுள் மீது இவருக்கு நம்பிக்கை இல்லை. இருந்தும் அது தன் வீட்டு வாசல்படி என்று நினைத்தார். அதற்கு முன்பு இந்திரா காந்திக்கு நெருக்கமானவர், 1975 அவசரநிலையையே ஆதரித்து எழுதியவர். அது அவர் வாழ்க்கையில் பெரிய கறை, எந்தச் சமாதானமும் எடுபடவில்லை, எனக்கும் எடுபடவில்லை. ஆனால் ஜூனில் அந்த நெருக்கம் அவர் கையைப் பிடித்து நிறுத்தவில்லை. அக்டோபர் 31-ல் இந்திரா சுடப்பட்டார். டில்லித் தெருக்களில் தலைப்பாகையைப் பார்த்துப் பார்த்து மனிதர்களைக் கொளுத்தினார்கள். இந்த நாடாளுமன்ற உறுப்பினர் ஸ்வீடன் நாட்டுத் தூதரகத்தில் ஒளிந்துகொள்ள வேண்டியிருந்தது. நீ கடவுளை நம்புகிறாயா என்று அந்தக் கும்பல் யாரையும் கேட்கவில்லை. 1947-ல் ஜீப்காரர்களும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் அவர் மதவாதியாகவும் மாறவில்லை, சீக்கியருக்குத் தனி நாடு கேட்கிற காலிஸ்தான்காரராகவும் மாறவில்லை. அடுத்த வாரமும் பத்தி எழுதினார். இரண்டு பக்கமும் திட்டினார்கள். கனடாவிலிருந்து ஒருவர் கடிதம் போட்டாராம். உள்ளே முழுக்க வசவு. உறையின் மேல் முகவரி இப்படி: ஒரு கெட்ட வார்த்தை, அப்புறம் குஷ்வந்த் சிங், இந்தியா. தெரு இல்லை, ஊர் இல்லை. அது நேரே இவர் கைக்கு வந்து சேர்ந்தது. இந்திய தபால் துறையின் திறமையை மெச்சி அதையும் எழுதினார்.

இந்த இடத்தில் என் கதை ஒன்று. நானும் ஒரு தமிழ் நாளிதழின் ஞாயிறு பதிப்பில் சில வருடம் துணுக்கு மாதிரி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு தைப்பூசத்துக்கு மறுவாரம் தேங்காயைப் பற்றி எழுதினேன். நம் ஊர்த் தைப்பூசத்தை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளி ரதம் தண்ணீர்மலைக்குப் போகிற வழியெல்லாம் குவியல் குவியலாகத் தேங்காய், நம்மைவிடச் சீனர்கள் அதிகம் உடைப்பார்கள். ரதம் கடந்ததும் மண்வாரியை வைத்து லாரியில் அள்ளுவார்கள். நான் நின்ற இடத்தில் ஒரு கிழவி அந்தக் குவியலுக்குள் கையைவிட்டு நல்ல மூடியாக ஒன்றைப் பொறுக்கிச் சேலையில் துடைத்துப் பைக்குள் போட்டாள். முருகன் இதை ஏற்றுக்கொண்டிருப்பான் என்று எழுதினேன். முந்தின வரியில், லாரியில் போனதை ஏற்றுக்கொண்டானா தெரியவில்லை என்றும் எழுதியிருந்தேன். ஆசிரியர் குழுவில் அந்த லாரி வரியை வெட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், இல்லை, அப்படியே வந்துவிட்டது. வெட்டியது கிழவியை. அடுத்த வாரம் ஒரு தபால் அட்டை வந்தது. பட்டர்வொர்த் பக்கத்து வாசகர் ஒருவர், அழகான கையெழுத்து. 'ஐயா அவர்களுக்கு, தாங்கள் இனி எங்கள் கோவில் வாசலை மிதிக்க வேண்டாம்' என்று ஒரே வரி. நான் பதில் எழுதவில்லை. என்ன எழுதுவது, கிழவியை வெட்டிவிட்டார்கள் என்றா? குஷ்வந்த் சிங் வருகிற கடிதங்களுக்கெல்லாம் தன் கையாலேயே தபால் அட்டையில் பதில் எழுதுவார், திட்டியவர்களுக்கும் சேர்த்து. அதைப் படிக்கும்போதெல்லாம் மேசை இழுப்பறையில் கிடக்கிற அந்த பட்டர்வொர்த் அட்டை எனக்குக் குத்தும். தேங்காயைப் பற்றி எழுதத் தைரியம் இருந்தது, அந்த வாசகரும் நம்மவர்தான் என்று உட்கார்ந்து இரண்டு வரி எழுதப் பொறுமை இல்லை. பத்தி எழுதுகிறவனுக்கு முதலாவதைவிட இரண்டாவது கஷ்டம்.

சாவைப் பற்றி அவர் நிறைய எழுதினார். சின்ன வயதிலேயே தன் இரங்கல் செய்தியைத் தானே எழுதிப் பார்த்தவர். கல்லறை வாசகத்தையும் எழுதி வைத்திருந்தார், மனிதனையும் விடவில்லை கடவுளையும் விடவில்லை என்று தன்னையே கிண்டல் செய்து. பயம் போக வேண்டும் என்பதற்காக டில்லி நிகம்போத் கட் சுடுகாட்டுக்குப் போய், யார் யாரோ எரிவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். தன்னைப் புதைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மண்ணிலிருந்து எடுத்ததை மண்ணுக்கே கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். பஹாய் சமயத்தவரிடம் அவர்களுடைய இடுகாட்டில் இடம் கேட்டார். முதலில் சரி என்றவர்கள் பிறகு சில நிபந்தனைகள் வைத்தார்கள், இவருக்கு ஒத்துவரவில்லை. கடவுள் இல்லை என்கிறவருக்குப் புதைய ஒரு மதத்தின் அனுமதி தேவைப்பட்டதை நினைத்து அவரே சிரித்திருப்பார்.

2014 மார்ச் 20, டில்லியில் வீட்டிலேயே காலமானார். அன்று சாயங்காலமே லோதி சுடுகாட்டில் எரித்தார்கள். அவர் விருப்பப்படி சாம்பலில் கொஞ்சத்தை ஒரு பாகிஸ்தான் நண்பர் எல்லை தாண்டி ஹதாலிக்குக் கொண்டுபோனார். சீக்கியர் ஒருவர்கூட இப்போது இல்லாத அந்த ஊரில், பள்ளிக்கூடத்துச் சுவரில் அதை வைத்துப் பூசி, மேலே ஒரு கல் பதித்திருக்கிறார்கள். கல்லில் அவரைப் பற்றி மூன்றே விவரம். சீக்கியர், அறிஞர், ஹதாலியின் மகன். அந்த வரிசையில்தான் எழுதியிருக்கிறது.